யாருடைய ஆற்றங்கரை? நியூயார்க் ரிவர்சைடு பூங்காவின் சிலைகளும் விளையாட்டிடங்களும் வரலாறும்

(டாக்டர் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவில் அரசியல் சட்டத்தைப் பற்றியோ மதமாற்றத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று ஒரு பூங்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் நம் ஊர்ப் பூங்கா அல்ல. நியூயார்க் நகரத்தில் ஹட்சன் ஆற்றின் கரையில் நீளமாகக் கிடக்கும் ரிவர்சைடு பூங்கா. சாதி ஒழிப்புக்கும் அமெரிக்கப் பூங்காவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

முதல் தொடர்பு இடம் சார்ந்தது. 1913 ஜூலையில் அம்பேத்கர் பரோடா அரசரின் உதவித்தொகையோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் இந்தப் பூங்கா வந்துவிடும். அவர் படித்த காலத்திலேயே அங்கே இரண்டு பெரிய நினைவுச்சின்னங்கள் திறக்கப்பட்டன.

இரண்டாவது தொடர்பு கருத்து சார்ந்தது. 'பொது' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பது நம் இயக்க வரலாற்றின் மையக் கேள்வி. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் கிணறு, குளம், பள்ளி எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்றது. 1924இல் மகாடு நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் இங்கே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்குள்ள உரிமையைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார். காகிதத்தில் எல்லாம் பொது. ஆனால் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடித்தவர்கள் அடியும் வாங்கினார்கள்.

குளத்துக்கும் கிணற்றுக்கும் நாம் கேட்ட கேள்வியை ஒரு பூங்காவிடமும் கேட்க முடியும். ரிவர்சைடு பூங்காவை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், அங்கே எழுதப்பட்ட சட்டம் எதுவும் கறுப்பின மக்களைத் தடுக்கவில்லை. தடுப்புப் பலகை இல்லாமலேயே ஒரு பொது இடம் எப்படிப் பாகுபாடு காட்டும் என்பதை அந்தக் கரையில் படித்துக்கொள்ளலாம்.

கரை எப்படிப் பூங்காவானது

மன்ஹாட்டன் தீவு லெனாப்பே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். கடல் ஏற்றத்தின்போது ஹட்சன் ஆற்றில் நீர் மேல்நோக்கியும் போகும். அதனால் இரு பக்கமும் ஓடும் ஆறு என்ற பொருளில் பூர்வகுடிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இன்று ஆற்றுக்கு இருப்பது, டச்சுக் கம்பெனிக்காக 1609இல் அங்கே கப்பலில் வந்த ஓர் ஆங்கிலேயரின் பெயர்.

1840களின் இறுதியில் கரையோரமாக ஹட்சன் ரயில் பாதை போடப்பட்டது. சரக்கு வண்டிகளும் புகையும் குப்பையும் ஆற்றங்கரையை நிரப்பின. மேட்டின் மேலே வசதியானவர்களின் வீடுகள் வரத் தொடங்கின. மேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உள்ள சரிவைப் பூங்காவாக்கினால் நில மதிப்பு உயரும் என்ற கணக்கு நகரத்துக்கு இருந்தது. 1872இல் நிலம் கையகப்படுத்தத் தொடங்கினார்கள். 1873இல் வடிவமைப்பு வேலை ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டிடம் போனது.

ஓம்ஸ்டெட் சாதாரண ஆள் அல்ல. பூங்கா வடிவமைப்பாளராக ஆவதற்கு முன்பு அவர் பத்திரிகையாளர். 1850களில் தென் மாநிலங்களில் பயணம் செய்து, அடிமைமுறை அந்தச் சமூகத்தை எப்படி அழுகவைக்கிறது என்று விரிவாக எழுதியவர். எல்லா வகுப்பு மக்களும் ஒரே புல்வெளியில் கலந்து நிற்க வேண்டும் என்று நம்பியவர். ஆனால் அவரும் கால்வர்ட் வாக்ஸும் சேர்ந்து வடிவமைத்த சென்ட்ரல் பூங்கா எந்த நிலத்தில் நிற்கிறது? 1825 முதல் கறுப்பின மக்கள் விலை கொடுத்து நிலம் வாங்கிக் குடியேறிய செனிகா கிராமம் அந்த நிலத்தில்தான் இருந்தது. 200 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். தேவாலயங்களும் பள்ளியும் இருந்தன. அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே அந்தச் சிறு மனைகள் வெறும் வீடுகள் அல்ல, வாக்குரிமைக்கான வழி. 1857க்குள் நகரம் அவர்கள் அனைவரையும் வெளியேற்றியது. ஓம்ஸ்டெட் வருவதற்கு முன்பே நிலத்தை எடுக்கும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மை. எல்லோருக்குமான புல்வெளி என்ற கனவு அந்த மக்களின் மனைகள் மேல் விரிக்கப்பட்டது என்பதும் உண்மை.

ரிவர்சைடு பூங்காவின் வேலை 1875க்கும் 1910க்கும் இடையில் பலர் கைமாறி நடந்தது. 72ஆம் தெருவிலிருந்து 125ஆம் தெரு வரை வளைந்து செல்லும் சாலை, சரிவு, மரங்கள் என்று முதல் வடிவம் உருவானது. சரிவுக்குக் கீழே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பீடத்தில் யார்

இந்தப் பூங்காவின் நினைவுச்சின்னங்களைத் தெற்கிலிருந்து வடக்கே நடந்து பார்த்தால் அமெரிக்கா தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள விரும்பியது என்பது தெரியும். 72ஆம் தெருவில் எலினோர் ரூஸ்வெல்ட் சிலை, 1996இல் வைத்தது. 89ஆம் தெருவில், உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட படைவீரர்களுக்கும் கடற்படையினருக்கும் 1902இல் திறந்த சலவைக்கல் நினைவகம். 93ஆம் தெருவில் குதிரை மேல் வாளேந்திய ஜோன் ஆஃப் ஆர்க். இதை வடித்தவர் அன்னா ஹயாட் ஹன்டிங்டன். கற்பனைப் பெண் தெய்வங்களை விட்டு, உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு நியூயார்க் வைத்த முதல் பொதுச் சிலை இது. திறந்த நாள் 1915 டிசம்பர் 6. 100ஆம் தெருவில் தீயணைப்பு வீரர்களுக்கு 1913இல் திறந்த நினைவகம். தீயணைப்பு வண்டி இழுத்த குதிரைகளுக்கும் அங்கே பின்னாளில் ஒரு தகடு பதித்தார்கள்.

குதிரைக்குத் தகடு வைத்த பூங்காவில், நகரத்தைக் கட்டிய கறுப்பின மனிதர் ஒருவருக்குச் சின்னம் வர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் 122ஆம் தெருவுக்கு வருவோம்.

அங்கே யுலிசஸ் கிராண்டின் கல்லறை மாளிகை இருக்கிறது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய கல்லறை மாளிகை என்று சொல்லப்படுவது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் தளபதி அவர். 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவர். போருக்கு முன்பு அவர் ஒரு மனிதரை அடிமையாக வைத்திருந்தார், 1859இல் விடுவித்தார். பிறகு அடிமைமுறையைப் போர்க்களத்தில் முறித்தார். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த பதினைந்தாவது திருத்தம் அவர் பதவிக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. கு க்ளக்ஸ் கிளான் கும்பலை ஒடுக்க 1871இல் அவர் சட்டம் கொண்டுவந்தார். அவர் ஆட்சியில் இருந்த 1873இல்தான் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நம் முன்னோடிகள் கடல் கடந்த அந்தப் போராட்டத்தைத் தம் போராட்டத்தின் உறவாகவே பார்த்தார்கள்.

கிராண்ட் 1885இல் இறந்தார். சுமார் 90,000 பேர் கொடுத்த 6,00,000 டாலருக்கு மேற்பட்ட நன்கொடையில் கல்லறை எழுந்தது. நிதி திரட்டிய சங்கத்தின் செயலாளராக முதல் ஏழு ஆண்டுகள் இருந்தவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் கிரீனர். ஹார்வர்டு கல்லூரியில் 1870இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவர் பெயர் பொது நினைவிலிருந்து மெல்ல மறைந்துபோனது. 2009இல் சிகாகோவில் இடிக்கவிருந்த ஒரு வீட்டின் பரணில் கிடந்த பெட்டியில் அவருடைய பட்டச் சான்றிதழும் கடிதங்களும் கிடைத்தன. ஒடுக்கப்பட்டோரின் ஆவணக்காப்பகம் பரண்தான் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. நம் முன்னோடிகள் நடத்திய இதழ்கள் எத்தனை அப்படிப் பரணிலும் பழைய காகிதக் கடையிலும் போயின என்று இங்கிருக்கும் ஆய்வு மாணவர்கள் அறிவார்கள்.

கல்லறை 1897 ஏப்ரல் 27 அன்று திறக்கப்பட்டது. முகப்பில் அமைதி நிலவட்டும் என்ற பொருள்படும் கிராண்டின் சொற்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்திய ஆண்டு, 1896இல்தான் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று சொல்லி நிறப்பிரிவினையைச் சட்டமாக்கியது. வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் சமாதானமாகிவிட்டார்கள். அந்தச் சமாதானத்தின் விலையைக் கறுப்பின மக்கள் கொடுத்தார்கள். விடுதலைக்குச் சின்னம் வைத்துவிட்டு விடுதலையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது ஆளும் வகுப்புகளுக்குக் கைவந்த கலை. சிலைக்கு மாலை போட்டுவிட்டுச் சேரிக்குப் போகும் பாதையை அடைக்கும் ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு எங்கே இடம்

இனி விளையாட்டிடங்களுக்கு வருகிறேன். பூங்காவின் அரசியல் சிலையில் இருப்பதைவிட ஊஞ்சலில் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. சிலை யாரை மதிக்கிறோம் என்று சொல்லும். எந்தக் குழந்தையின் நேரத்தை மதிக்கிறோம் என்பதை ஊஞ்சல் சொல்லிவிடும்.

1934 ஜனவரியில் ராபர்ட் மோசஸ் நகரப் பூங்காக்களின் ஆணையர் ஆனார். அவர் மேற்குக் கரையை முழுதாக மாற்றினார். தண்டவாளத்தின் பெரும் பகுதியை மூடி, அதன் மேல் பூங்காவை விரித்தார். ஆற்றைத் தூர்த்து 132 ஏக்கர் நிலம் சேர்த்தார். கரையோரமாக நெடுஞ்சாலை போட்டார். 1937 அக்டோபரில் திறப்புவிழா நடந்தது. இன்று நாம் பார்க்கும் மைதானங்கள் பெரும்பாலும் அப்போது வந்தவை.

இந்த வேலைக்கு முன் ஒரு வெளியேற்றம் நடந்தது. பெருமந்தக் காலத்தில், முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பி வேலையின்றிப் போன படைவீரர்கள், 70களின் எண் கொண்ட தெருக்களையொட்டிக் கரையில் குடிசை போட்டிருந்தார்கள். தாமஸ் பெயின் முகாம் என்று அதற்குப் பெயர். 1934இல் அது அகற்றப்பட்டது. அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, 89ஆம் தெருவில், இறந்த படைவீரர்களுக்குச் சலவைக்கல் நினைவகம் நிற்கிறது.

வடக்கே, 125ஆம் தெருவுக்கு அப்பால், ஹார்லெமை ஒட்டிய பகுதி. தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள் பெருந்திரளாக வாழ்ந்த வட்டாரம் ஹார்லெம். அங்கே பூங்கா என்ன ஆயிற்று? ராபர்ட் கேரோ 1974இல் வெளியிட்ட 'தி பவர் புரோக்கர்' என்ற மோசஸ் வரலாற்றில் கணக்குக் கொடுக்கிறார். மேற்குக் கரைத் திட்டத்தில் மோசஸ் 17 விளையாட்டிடங்கள் கட்டினார், அதில் ஹார்லெம் பகுதிக்கு ஒன்று. டென்னிஸ் ஆடுகளங்கள் 22, ஹார்லெம் பகுதிக்கு ஒன்றும் இல்லை. தெற்கே மூடப்பட்ட தண்டவாளம் வடக்கே மூடப்படவில்லை. இன்னொன்றையும் கேரோ குறித்திருக்கிறார். மற்றப் பகுதிகளில் கட்டடங்களின் இரும்பு வேலைப்பாட்டில் அலைகள் வளைந்திருக்க, ஹார்லெம் பகுதி விளையாட்டிடத்துக் கழிப்பறைக் கட்டடத்தில் குரங்கு உருவங்கள் வைக்கப்பட்டிருந்தன.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் மோசஸை மறுமதிப்பீடு செய்தார்கள், கேரோவின் முடிவுகள் சிலவற்றை மறுத்தார்கள். 1936இல் மோசஸ் நகரெங்கும் திறந்த பெரிய நீச்சல் குளங்களில் ஒன்று ஹார்லெமில்தான் இருந்தது. இன்று ஜாக்கி ராபின்சன் பெயரில் இருக்கும் பூங்கா அது. ஒரு மனிதரின் மனத்தில் எவ்வளவு நிறவெறி இருந்தது என்று அளப்பது வரலாற்றாசிரியர்களுக்கு விவாதப் பொருளாக இருக்கலாம். நமக்கு மனம் முக்கியமல்ல, வரைபடம் முக்கியம். பணம் எந்தத் தெரு வரை வந்தது, மூடி எந்தத் தெருவோடு நின்றது என்று பார்த்தால் போதும். நம் ஊர்களில் தார்ச்சாலை எந்த வளைவோடு நிற்கிறது, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்று பார்க்கிறோமே, அதே பார்வை. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்தில் நம்மை இழுத்துவிட்டால், சாலை நின்ற இடம் நம் கண்ணில் படாமல் போய்விடும்.

தெற்குப் பகுதி விளையாட்டிடங்களின் பிற்காலக் கதையும் பாடம்தான். 1970களின் நிதி நெருக்கடியில் பூங்கா முழுவதுமே சீரழிந்தது. 91ஆம் தெருவில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து பாழடைந்த விளையாட்டிடத்தை மீட்டார்கள். 1993இல் அங்கே வெண்கல நீர்யானைகள் வந்தன. குழந்தைகள் ஏறிச் சறுக்கி, அவற்றின் முதுகு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அழகான இடம். பூங்காவைப் பராமரிக்க 1986இல் ஒரு குடிமக்கள் நிதி அமைப்பும் தொடங்கினார்கள். மக்கள் தாமே பூங்காவை மீட்பது நல்லதுதான். ஆனால் பூங்கா நன்கொடையை நம்பி வாழத் தொடங்கினால், நன்கொடை கொடுக்க வசதியுள்ளவர்கள் வசிக்கும் தெருவில் ஊஞ்சல் புதிதாகும், மற்றத் தெருவில் துருப்பிடிக்கும். அரசின் கடமையைத் தொண்டு விழுங்கும்போது சமத்துவம் கேட்க ஆள் இருக்காது. நன்கொடையாளரிடம் நன்றிதான் சொல்ல முடியும், உரிமை கோர முடியாது.

பூங்காவுக்கு அடியில்

மோசஸ் மூடிய தண்டவாளம் சுரங்கமாயிற்று. 1980இல் சரக்கு ரயில் நின்றது. வீடற்றவர்கள் உள்ளே போய்த் தகரத்தாலும் பலகையாலும் அறைகள் கட்டி வாழ்ந்தார்கள். மேலே குழந்தைகள் விளையாடினார்கள். பூமிக்கு அடியில் மனிதர்கள் குடும்பம் நடத்தினார்கள். 1991இல் மீண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியபோது அவர்களை வெளியேற்றும் வேலையும் தொடங்கியது. 2000இல் வந்த 'டார்க் டேஸ்' என்ற ஆவணப்படம் அந்த வாழ்க்கையைக் காட்டுகிறது. மாணவர்கள் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரையை அழகுபடுத்துவது என்றாலே கரையில் இருப்பவரை அப்புறப்படுத்துவது என்று ஆகிவிடுகிறது. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்கள் இங்கேயும் யாராவது இருக்கலாம். அவர்களுக்கு நியூயார்க் தூரத்து ஊர் அல்ல.

மலமும் பூங்காவும்

இந்த உரையின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டேன்.

மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிக் கழிவுநீர் பல காலம் சுத்திகரிக்கப்படாமல் ஹட்சனில் கலந்தது. சுத்திகரிப்பு நிலையம் தேவைப்பட்டது. முதலில் பார்த்த இடம் தெற்கே, 70களின் தெருக்கள் பக்கம், வசதியானவர்கள் வாழும் பகுதி. அது கைவிடப்பட்டது. கடைசியில் நிலையம் 137ஆம் தெருவுக்கும் 145ஆம் தெருவுக்கும் இடையில், மேற்கு ஹார்லெமின் கரையில் வந்தது. 1972இல் கட்டுமானம் தொடங்கியது, 1986இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேட்டில் வாழும் செல்வந்தரின் மலமும் ஹார்லெமுக்கே வந்து சேர்ந்தது. நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது. கோடையிலும் சன்னலை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல் என்று மக்கள் புகார் செய்தார்கள்.

ஒரு நகரத்தின் மலம் எங்கே போக வேண்டும், யார் அதன் பக்கத்தில் வாழ வேண்டும் என்பதைச் சமூகத்தின் படிநிலை முடிவு செய்கிறது. இதைச் சொல்ல நம்மைவிட உரிமை பெற்றவர் யாருமில்லை. இங்கே அந்த வேலையையே ஒரு சாதியின் தலையில் கட்டினார்கள். அங்கே அந்த நிலையத்தை ஒரு நிறத்தின் வாசலில் கட்டினார்கள்.

1988 ஜனவரி 15, மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளன்று, நிலையத்தின் எதிரே மக்கள் சாலையை மறித்தார்கள். சிலர் வாயுக் கவசம் அணிந்து வந்தார்கள். ஏழு பேர் கைதானார்கள். 'கழிவுநீர் எழுவர்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அதே ஆண்டு 'வீ ஆக்ட்' என்று அழைக்கப்படும் மேற்கு ஹார்லெம் சுற்றுச்சூழல் அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெகி ஷெப்பர்டு பின்னர் சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் அகில அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரானார். வழக்குப் போட்டார்கள். நகர நிர்வாகம் நாற்றத்தைக் கட்டுப்படுத்தப் பெருந்தொகை செலவிட வேண்டி வந்தது. வட்டார மக்களின் நலனுக்காக 11 லட்சம் டாலர் நிதியும் உடன்பாட்டில் கிடைத்தது. நிலையத்தைக் கண்காணிக்கும் உரிமையும் கிடைத்தது.

நிலையம் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதன் கூரைமேல் பூங்கா வேண்டும் என்று மக்கள் முன்பே கேட்டிருந்தார்கள். அந்தப் பூங்கா 1993 மே மாதம் திறக்கப்பட்டது. ரிவர்பேங்க் மாநிலப் பூங்கா. கழிவுநீர் நிலையத்தின் கூரைமேல் 28 ஏக்கர். ஆற்றிலிருந்து 69 அடி உயரம். நீச்சல் குளம், ஓடுதளம், பனிச்சறுக்குக் களம் எல்லாம் இருக்கின்றன. அங்கேயுள்ள சுழல் ராட்டினத்தின் விலங்குகள் குழந்தைகள் வரைந்த படங்களைப் பார்த்துச் செய்தவை. குரங்கு உருவத்தை வைத்து அவமதித்த அதே கரையில், பிள்ளைகள் தாமே வரைந்த விலங்குகள் மேல் ஏறிச் சுற்றுகிறார்கள்.

இதை வெற்றி என்று சொல்லலாமா? நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. 2011 ஜூலையில் நிலையத்தில் தீப்பிடித்து, சுத்திகரிக்காத கழிவுநீர் மீண்டும் ஆற்றில் பாய்ந்தது. பூங்காவைக் கொடுத்தது நிலையத்துக்கான ஈடு என்று ஒரு சாரார் சொல்வார்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் இடத்தைப் போராடி வாங்கினார்கள் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதுதான் என் கருத்து. சமரசமாகக் கிடைத்ததைப் பயன்படுத்த மறுப்பது வீம்பு. அதை நீதி என்று நம்பிவிடுவது ஏமாளித்தனம்.

வெற்றிடமாக நிற்கும் மனிதர்

குதிரைத் தகட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு கேள்வியை நிறுத்தி வைத்தேன். 150ஆம் தெருவுக்குப் பக்கத்தில் 2003இல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். 15 அடி உயர வெண்கலப் பலகை. அதில் நடந்து போகும் மனிதர் ஒருவரின் உருவம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. உருவம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். அதன் வழியே மரமும் வானமும் தெரியும். எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் நினைவுச்சின்னம் அது. 1952இல் 'இன்விசிபிள் மேன்' என்ற நாவலை எழுதியவர். கண்ணெதிரே நின்றாலும் சமூகம் பார்க்க மறுக்கும் ஒரு கறுப்பின மனிதனின் கதை. எலிசன் பல ஆண்டுகள் அந்த இடத்துக்கு எதிரே, ரிவர்சைடு சாலையில்தான் குடியிருந்தார். சின்னத்தை வடித்தவர் எலிசபெத் கேட்லெட், அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பேத்தி.

மற்றச் சின்னங்கள் பல உயரமான பீடத்தில் நிற்கின்றன. இதில் அந்த வெற்றிடத்தின் அளவுக்கு யார் வேண்டுமானாலும் தன் உடம்பைப் பொருத்திப் பார்க்கலாம்.

கட்டாமலே விட்ட சின்னம் ஒன்றும் அதே பூங்காவில் இருக்கிறது. 83ஆம் தெருவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கல். நாஜிகளை எதிர்த்து எழுந்த வார்சா யூதச் சேரிப் போராளிகளுக்கு நினைவகம் கட்ட 1947 அக்டோபர் 19 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பிறகு முன்வைத்த வடிவங்களை நகரத்தின் கலை ஆணையம் ஏற்கவில்லை. அடிக்கல்லே சின்னமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் மக்கள் அந்தக் கல்லைச் சுற்றிக் கூடுகிறார்கள். சின்னத்தை உயிரோடு வைத்திருப்பது உயரம் அல்ல, கூடும் மக்கள்தான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. லக்னோவில் கோமதி ஆற்றையொட்டியும், நொய்டாவில் யமுனைக் கரையிலும் அம்பேத்கர், கன்ஷிராம் நினைவுப் பூங்காக்கள் எழுந்தபோது, சிலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று எத்தனை பேர் கேட்டார்கள்! 2012 தேர்தலின்போது அங்கே நின்ற கல் யானைகளைத் துணிபோட்டு மூடச் சொன்னார்கள். மன்னர்கள், சாமியார்கள், சாதித் தலைவர்களின் சிலைகள் எழும்போது இந்தச் சிக்கனம் எங்கே போகிறது? செலவைப் பற்றிய கேள்வியை நாமும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் கேட்பவர் எந்தச் சிலைக்கு அதைக் கேட்கிறார் என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளும் ஒரு செய்தி சொல்கின்றன. கூண்டு சிலைக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். வெளியே திரியும் சுத்தியலுக்குக் கூண்டு இல்லை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

நம் வேலை

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய மனுவின் படியைக் கேட்டார். பிறர் போராட்டத்தைப் பார்த்து வியப்பதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. எப்படி எழுதினார்கள், நாம் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கக் கேட்டார். ஒரு பூங்காவின் கதையையும் அந்த நோக்கத்தோடுதான் இங்கே கொண்டுவந்தேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு பூங்காவையோ, ஆற்றங்கரை நடைபாதையையோ, விளையாட்டு மைதானத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் முன்பு யாருடையது, யார் வெளியேற்றப்பட்டார்கள், எங்கே போனார்கள் என்று வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் முதியவர்களிடமும் கேளுங்கள். அங்கே நிற்கும் பெயர்ப்பலகைகளையும் சிலைகளையும் எழுதி வையுங்கள். ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் சேரிப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் எத்தனை விளக்கு, எத்தனை குடிநீர்க் குழாய், எத்தனை கழிப்பறை என்று எண்ணுங்கள். குப்பைக் கிடங்கும் கழிவுநீர் நிலையமும் யாருடைய வாசலில் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். பூங்காவைப் பெருக்குபவர் யார், அவருக்கு என்ன கூலி என்பதையும் விட்டுவிடாதீர்கள். கேரோவின் எண்கள் ஹார்லெமுக்கு ஆயுதமாயின. எண்ணி வைத்தவரிடம் அதிகாரி சாக்குச் சொல்ல முடியாது.

மகாடில் நடந்தது ஒரு குளத்தில் தண்ணீர் குடிப்பதற்கான போராட்டம் மட்டும் அல்ல, மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே அங்கே போனோம் என்று பாபாசாகேப் தெளிவாக்கினார். நம் பெண்பிள்ளை ஒருத்தி ஊர் மைதானத்து ஊஞ்சலில் பயமில்லாமல் ஏறி ஆடுவதும் அதே கணக்கில்தான் சேரும். அந்த ஊஞ்சல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற பட்டியலோடு அடுத்த ஆண்டு இந்த அரங்கில் மாணவர்கள் பேச வேண்டும். நாங்கள் எதிரில் அமர்ந்து கேட்கிறோம்.

ஜெய்பீம்.